பொழுதோட வந்து சேர்ந்தவர்கள்

என் பிரியத்துக்குரிய சரசு அக்காவுக்கு,

உங்கள் தூக்குப்போசி இந்த வருடம் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சேதியை உடனே சொல்லு, கெட்டதைக் காப்பி குடித்த பிறகு சொல்லு என்பீர்கள். இது எந்த வகைச் சேதி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போன பிறகு நடந்த முதல் பஸ் வேட்டை இது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் புவியியல் நடத்தினீர்கள், நான் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், "வருசம் பூரா ஊர் ஊராப் பாடம் நடத்தினேன் கண்ணு, பாதி ஊரை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லித் துடியலூரில் நம் தெருக்காரர்களைச் சேர்த்து இந்த விளையாட்டை ஆரம்பித்தீர்கள். நாலு நாலு பேராக அணி. காலையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் விடுகதை போலக் குறிப்புகள் கிடைக்கும். பஸ்ஸிலும் கால்நடையாகவும் போய் ஒவ்வொரு இடத்தையும் கண்டுபிடித்து, நாலு பேரும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு, கடைசியில் அவிநாசி கோயில் தேர் பக்கத்தில் வந்து சேர வேண்டும். அதிகப் படம் வைத்திருக்கும் அணிக்கு, உங்கள் பெயர் வெட்டிய அந்த எவர்சில்வர் தூக்குப்போசி ஒரு வருடம் சொந்தம். திருப்பித் தரும்போது மட்டும் வெறும் பாத்திரமாகத் தரக் கூடாது.

குறிப்பு எழுதுகிற வேலையும் தீர்ப்புச் சொல்கிற வேலையும் இந்த முறை என் தலையில் விழுந்தன. உங்கள் நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் நீங்கள் சொல்வதையே அட்சரம் மாறாமல் சொன்னேன். நாலு பேரும் பிரியக் கூடாது. போனில் மேப் பார்க்கக் கூடாது. வழியில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். உங்களை யாராவது கேட்டால், எதிரணியாகவே இருந்தாலும், உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். கடைசியாக, "பொழுதோட வந்து சேந்தரோணும், அதுக்கு மேல வாரவங்க கணக்குல இல்ல."

மணி போடச் சொல்லி நான் எத்தனை தடவை உங்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். "மணி போட்டா ஓடுவாங்க கண்ணு. அறுவது வயசுக்காரங்க ஓடினா உளுவாங்க" என்பீர்கள். 

மாமா இந்த முறை கலந்துகொள்வார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் இருந்தவரை அவர் உங்களோடு வந்து, பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்துத் தூங்குவார், அவ்வளவுதானே. இப்போது எதிர்வீட்டு ஈசுவரியையும் இன்னும் இருவரையும் சேர்த்து அவரே அணி கட்டியிருந்தார். முந்தின வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் படத்துக்குக் கீழே இருந்த ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார். அதன் மேல் ஒன்றும் இல்லை. "போசிக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறேன் அம்மணி. ஒரு வருசம் அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் காப்பியைக் குடித்தேன். காப்பி நன்றாகவே போடுகிறார் அக்கா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

இன்னொரு அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவிந்தராஜன் என்று ஒருவர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாயவரம் பக்கம். மகள் வீட்டோடு இருக்க நம் தெருவுக்கு வந்திருக்கிறார். மனைவியையும், அவர்களைப் போலவே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இன்னொரு தம்பதியையும் சேர்த்துக்கொண்டு, முதல் முறையாக வெளியூர்க்காரர்களாகவே ஓர் அணி. ஈசுவரி அவர்களைப் பார்த்து, "பஸ் நெம்பராவது தெரியுமுங்களா?" என்று சீண்டினாள். "நம்பர் தெரியாதும்மா, உங்க பின்னாடியே ஏறிக்கிறோம்" என்றார் அவர்.

மற்ற இரண்டு அணிகளும் 'பேரே இல்லாத பேக்கரி' என்ற குறிப்பிலேயே சிக்கி, தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்துவிட்டன. அவர்களை விட்டுவிடலாம்.

கடைசிக் குறிப்பு கருமத்தம்பட்டியில் இறங்கி உள்ளே போகிற இடம். 'தண்ணி இல்லாத இடத்தில் தலையை நீட்டிப் பார்க்கிற மரம்.' வறண்ட கிணற்றுக்குள் முளைத்து வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு வேப்பமரம். குறிப்பு எழுதிவிட்டு உங்களிடம் காட்ட முடியவில்லையே என்று அன்றைக்குத்தான் ரொம்ப நினைத்துக்கொண்டேன்.

அவிநாசியில் தேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோபுரத்தின் உச்சியில் வெயில் இருக்கும்போதே கோவிந்தராஜன் அணி வந்துவிட்டது. நாலு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. எல்லாப் படமும் இருந்தது, கிணற்று மரம் மட்டும் இல்லை. மாமாவின் அணி வந்தபோது கோயில் வாசல் பூக்காரம்மா பல்பு போட்டுவிட்டாள். அவர்களிடம் ஒன்று விடாமல் எல்லாப் படமும் இருந்தது. மாமா போனை என் முன்னால் நீட்டியபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கோவிந்தராஜன் எழுந்து வந்து, மெய்யாகவே வருத்தப்பட்டு, "அடடா, பொழுது போயிடுச்சே சார். இவ்ளோ அலைஞ்சும் கணக்குல வராம போச்சே" என்றார்.

"ஏனுங்க வராது?" என்றாள் ஈசுவரி. "இப்பத்தானுங்க பொழுதோடவே ஆவுது."

"இருட்டிடுச்சேம்மா."

"இருட்டினாத்தானுங்க பொழுதோட. அதுக்கு முன்னால அது மத்தியானமுங்க."

பூக்காரம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நமக்குப் பொழுதோட என்றால் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். பொழுதோட வாங்க என்றால் வேலையெல்லாம் முடித்து நிதானமாக வாங்க என்று அர்த்தம். அவர்கள் ஊரிலோ பொழுது இருக்கும்போதே, இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும். ஒரே வார்த்தை. அதை நான் காந்திபுரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன். அவர்கள் அந்த வார்த்தையை மதித்து ஒரு படத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

படக் கணக்கில் மாமா ஜெயித்துவிட்டார். விதியை யாரும் மீறவில்லை. கோவிந்தராஜனே, "விடுங்க டீச்சர், விளையாட்டுதானே. சாரே எடுத்துக்கட்டும்" என்றார். எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும் பாருங்கள். போசியை எடுத்து மாமா கையில் கொடுத்திருக்கலாம். ஸ்டூல் காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? பரீட்சையில் ஒரு கேள்வி இரண்டு அர்த்தம் வருகிற மாதிரி அச்சாகிவிட்டால் நாம் என்ன செய்வோம்? முயன்றவர்களுக்கெல்லாம் மார்க் கொடுப்போம், வெற்றுத்தாளுக்குக் கொடுக்க மாட்டோம். அதைச் சொல்லிவிட்டுக் கோவிந்தராஜனிடம் கேட்டேன்: "கடைசிக் குறிப்பு எந்த இடம்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் மாமாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்ப" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாதான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேர் பக்கத்துப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"மாமா, கம்முனு இருங்க" என்றாள் ஈசுவரி, தணிந்த குரலில்.

"இல்ல கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த எடத்தக் கண்டுபுடிச்சது அவங்கதானுங்க அம்மணி. எங்களுக்குத் தெரியல. பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு முழிச்சோம். அவங்க எதுக்க வந்தாங்க, கேட்டேன். டீக்கடையில விசாரிச்சாங்களாமா, பஞ்சு குடோனுக்குப் பின்னால பாழுங்கெணறு, அதுக்குள்ள மரம்னு அவருதான் சொன்னாரு. நீங்க போகலீங்களான்னேன். பொழுதோட போகணுமே சார்னு சொல்லிட்டு அவினாசி பஸ்ல ஏறிட்டாரு. முழங்கால் வலியாட்ட இருக்குதுன்னு நாங்க சிரிச்சுப்போட்டு மரத்துக்குப் போயிட்டோம்."

"கேட்டா சொல்லோணும்னு விதி இருக்குதுங்கல்ல. கேட்டதுல தப்பில்லீங்களே" என்றாள் ஈசுவரி.

"தப்புன்னு நாஞ் சொல்லலியே. கேட்டதும் சரி, அவரு சொன்னதும் சரி. அந்தப் போசியக் கொண்டுட்டுப் போயி அவ போட்டோ முன்னால வெச்சு, நா என்னன்னு சொல்லுவேன்?"

அந்த மரத்துக்கான மார்க்கை அவர்களுக்கும் போட்டேன். சமமாக வந்தால் முதலில் வந்து சேர்ந்தவர்களுக்கு என்பது உங்கள் விதிதான். போசியைக் கோவிந்தராஜன் மனைவியின் கையில் கொடுத்தேன். அந்தம்மா மூடியில் வெட்டியிருந்த உங்கள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன் அக்கா. பள்ளியில் விளையாட்டு விழா நடக்கும்போது, வளைவான தடத்தில் வெளிப்பக்கம் ஓடுகிறவனைக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவோம். "அவன் மட்டும் முன்னாடி நிக்கறான் மிஸ்" என்று சின்னப் பிள்ளைகள் அழும். எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் அநியாயம் என்று அவர்களுக்குப் புரியவைக்க நான் கயிறு கொண்டு அளந்து காட்ட வேண்டியிருக்கும். அப்படி அளந்து காட்டிய நானே, காந்திபுரத்தில் நாலு அணியையும் ஒரே வார்த்தையின் மேல் நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

இத்தனை வருடம் நம் விளையாட்டில் சண்டையே வந்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். நாம் நியாயமாக நடந்துகொண்டதாலா, விளையாடியவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுப் பேசியதாலா? வெளியூர்க்காரர்கள் வரவில்லை என்று நினைத்திருந்தோமே, நாம் கூப்பிட்டோமா? நீங்கள் இருந்தால் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மிச்சக் கதையையும் கேளுங்கள். அன்றைக்குப் பஸ் ஏறும்போது மாமா கோவிந்தராஜனிடம், "ஒரு நாளைக்குப் பொழுதோட ஊட்டுப் பக்கம் வாங்க" என்றார். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன். மாமா ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். "சார், கிளம்பிட்டோம். உங்க பொழுதோடயா, எங்க பொழுதோடயா?" மாமா சிரித்தார் அக்கா. நீங்கள் போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள், போசி நிறைய அசோகா கிளறி எடுத்துக்கொண்டு. பாசிப்பருப்பில் நெய் விட்டுச் செய்கிற அவர்கள் ஊர் அல்வா. "ஒரு வருசம் கழிச்சுத்தானுங்க குடுக்கோணும்" என்றார் மாமா. "திருப்பித் தரல சார், சும்மா ஊரைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தோம்" என்றார் அவர். அவர்கள் கிளம்புகிறவரை போசி உங்கள் படத்துக்குக் கீழே, அந்த ஸ்டூலின் மேல் இருந்தது. இங்கேயே இருக்கட்டும் என்று அவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், மாமா கேட்கவில்லை. ஈசுவரி சுட்டு வைத்திருந்த, நம் ஊர் இனிப்புப் பலகாரமான கச்சாயத்தை அதில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, அந்தம்மா கையில் அவரே கொடுத்து அனுப்பினார். வாசல்வரை போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடமும் காந்திபுரத்தில் நான்தான் நிற்பேன். உங்கள் வார்த்தையை எடுத்துவிட மாட்டேன், "பொழுதோட வந்து சேந்தரோணும்" என்றுதான் சொல்வேன். சொன்ன கையோடு, "தெருவிளக்கு எரிய ஆரம்பிக்கிறவரை நேரம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்" என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி இன்னொரு தடவையும் சொல்வேன். புரிந்ததா என்று ஒவ்வொரு அணியாகக் கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. மணி மட்டும் போட மாட்டேன். யாரும் ஓட வேண்டாம், விழ வேண்டாம்.

விளக்குப் போடும் நேரமாகிவிட்டது, வாரேனுங்க அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஸ்டெல்லா