மைக் கைமாறிய பொங்கல்

5-1-81, திங்கள்
டயர் ஏஜென்ட் கொடுத்த டைரி. மூணாங் கிளாசோடு நின்ற கை. எழுத்து கோணிக்கொண்டுதான் போகும். போகட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

மதுரைக்குள் தமிழ் மாநாடு. சனம் சாரை சாரையாகப் போகிறது. என் சைக்கிள் கடையில் காற்றடிக்கவே கை ஓயவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி மதினி வந்து நின்றாள்.

"தம்பி, இந்தப் பொங்கலுக்கும் என்னைக் கேலி பண்ணுனா மைக்கைப் பிடுங்கி அடுப்புல வச்சிருவேன்."

"பண்ணாட்டி நீதான மதினி மூணு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ?"

சிரித்துக்கொண்டே போனாள். பொங்கலன்று விடியக்காலை மந்தைத் திடலில் எங்கள் தெருப் பொங்கல். இருபத்திரண்டு பானை வரிசையாக. எது பொங்குகிறதோ அந்த வீட்டுப் பொம்பளை பேரை மைக்கில் கூவ வேண்டும். கூவினதும் எல்லோரும் குலவை போடுவார்கள். கேலியும் சேர்த்துக் கூவுகிறவன் நான். பதினோரு வருசமாக.

8-1-81, வியாழன்
தெருப் பொங்கல் கமிட்டிக் கூட்டம். தலைவர் மலைச்சாமி அண்ணன் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்த ஜோரில் இருந்தார்.

"என்னா பேச்சு வீரணா, அருவி மாதிரி! நம்ம மந்தையிலயும் இந்த வருசம் நல்ல தமிழ் கேக்கட்டும். மைக்கை நம்ம மருதுக்கிட்ட குடுத்துருவோம்."

மருது பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை.

"அப்ப இத்தனை வருசமா நான் பேசுனது இங்கிலீசாண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

9-1-81
மருது நல்லவன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

11-1-81, ஞாயிறு
நோட்டும் பேனாவுமாகக் கடைக்கு வந்துவிட்டான். "அண்ணே, யார் பானை எந்த இடம்னு உங்களுக்குத்தான் தெரியும். வரிசையாச் சொல்லுங்க."

என்ன பணிவு! சொன்னேன். ஐந்தாவது செல்லக்கிளி, ஆறாவது சின்னத்தாய். அந்த ரெண்டை மட்டும் தலைகீழாகச் சொன்னேன். வாய் தவறி அல்ல. இங்கேயாவது உண்மையை எழுதுவோமே.

"பதினேழாவது நம்ம வீடு," என்றேன்.

"அக்கா பேரு?"

"அதெதுக்கு? 'அடுத்த பானை'ன்னு சொல்லிரு. நான் அப்படித்தான் சொல்லுவேன்."

"பேரில்லாமயாண்ணே?" என்று ஒரு மாதிரி பார்த்தான். ஆபீஸ்காரன் பார்வை.

13-1-81, செவ்வாய்
வீட்டுக்காரி பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டினாள். "வேட்டி துவைச்சு வச்சிருக்கேன். நாளைக்கு மைக் முன்னாடி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

14-1-81, பொங்கல்
மருது எடுத்த எடுப்பில், "கதிரவன் வடதிசை நோக்கித் திரும்பும் நன்னாள் இது" என்றான். எனக்குத் தெரிந்து அது எப்போதும்போல் ஏர்போர்ட் பக்கமிருந்துதான் வந்தது. சத்தமாகவே சொன்னேன். நாலு பேர்கூடச் சிரிக்கவில்லை.

ஐந்தாம் பானை பொங்கியது. "சின்னத்தாய் அம்மாள்!" என்றான். குலவையும் போட்டுவிட்டார்கள். செல்லக்கிளி மதினி கரண்டியோடு எழுந்துவிட்டாள். "ஏய் மருது! பொங்குனது என் பானை, பேரு அவளுக்கா?"

எனக்குள் ஒரு குளுகுளுப்பு. அவன் அசரவே இல்லை. "கோவிச்சுக்காத மதினி, உன் பானை என் வாயைவிட வேகமா இருக்கு. இன்னொரு குலவை போடுங்கம்மா, சேத்து!" மந்தையே குலுங்கியது. அந்தச் சிரிப்பு என்னுடையது. எனக்கு வரவேண்டியது.

மைக் இல்லாததால் முதல் தடவையாக வீட்டுக்காரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகு தள்ளினேன். நுரை ஏறியது.

"பதினேழாம் பானை! நம்ம தங்கப்பொண்ணு அக்கா பானை பொங்கிருச்சு! வீரண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மீசை வெந்துரும்!"

குலவை. அவள் தலையைத் தூக்கி மைக் பக்கம் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

எல்லோரும் ஜல்லிக்கட்டுக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. பானை கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய், "அப்படி என்னத்தைப் பெருசாச் சொல்லிட்டான்?" என்றேன்.

"பேரைச் சொன்னான்."

"அம்புட்டுத்தானா?"

"ஊர்ப் பொம்பளை பேரெல்லாம் பதினோரு வருசமா வாய் நெறையச் சொன்னீக. என் பானை மட்டும் 'அடுத்த பானை'. குலவை போடுறவுகளும் அடுத்த பானைக்குத்தான் போட்டாக."

"கட்டுன பொண்டாட்டி பேரை மைக்குல கூவுறதா? எனக்குக் கூச்சமா இருக்காதா?"

"எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வருசமாச்சும் கேட்டீகளா?"

நானொரு வாயாடிப் பய. செல்லக்கிளியைக் கேலி பண்ணத் தெரிஞ்சுச்சு, சின்னத்தாயைக் கேலி பண்ணத் தெரிஞ்சுச்சு. இவ அங்கனதான உக்காந்து ஊதிக்கிட்டு இருந்தா? பதினோரு வருசமும்?

15-1-81, மாட்டுப் பொங்கல்
மருது வீட்டுக்குப் போய், பேரை வேண்டுமென்றுதான் மாற்றிச் சொன்னேன் என்றேன்.

"மந்தையிலயே தெரிஞ்சுபோச்சுண்ணே. அக்கா பேரையே வோட்டர் லிஸ்டைப் பாத்துத்தான் எடுத்தேன். அந்த ரெண்டு பானையையும் வேற யாருக்கிட்டயாச்சும் கேட்டுருக்கணும், உங்க பேச்சை நம்பி விட்டுட்டேன்."

கரும்பு ஒடித்துக் கொடுத்தான். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

18-1-81, ஞாயிறு
கமிட்டியில் அடுத்த வருசப் பேச்சு. "வீரணா, ஆளுக்குப் பாதி கூவுறீகளா?" என்றார் மலைச்சாமி அண்ணன்.

"வேணாம்ணே, மருதே கூவட்டும். ஒரு பானைக்கு மட்டும் மைக்கை எங்கிட்ட குடுத்துருங்க."

"எந்தப் பானைக்கு?"

சொன்னேன். ஒருத்தன் விசில் அடித்தான். கூட்டம் முடியும்வரை என்னை வறுத்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் ஒரு வருசம் இருக்குல்ல? சொல்லிப் பழகிக்கங்க. அன்னைக்கு வாய் குழறுனா எனக்குத்தான் அசிங்கம்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டியிருப்பாள் என்று நினைத்து ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன?" என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது.

ஒன்றுமில்லை என்றேன்.