ஒரு காது போன பாறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, உன் அம்மாவின் முழங்கால்கூடச் சொன்னபடி கேட்கிறது, என் மானம்தான் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது. போன வாரம் நம் ஊருக்குத் திருப்புவதாக நினைத்து, ஆள் நிறைந்த பஸ்ஸைக் கல்குவாரிப் பாதையில் விட்டு, லாரிகளை எடை போடும் மேடை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அங்கிருந்த குமாஸ்தா வெளியே வந்து, ஏண்ணே ஆளுங்களையும் எடை போடணுமா என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

கழுதைக்காதுப் பாறையின் உச்சியில் காது மாதிரி நின்ற இரண்டு கல்லில் ஒன்றைக் குவாரிக்காரர்கள் உடைத்து எடுத்துவிட்டார்கள், அதுதான் விஷயம். உப்பு மூட்டையோடு கழுதைகளை ஓட்டிப்போன வியாபாரிகள் காலத்திலிருந்தே இந்தச் சாலைக்கு அதுதானே கணக்கு. புறா எச்சத்தில் வெளுத்த சின்னப் பாறை வந்தால் பாதி வழி, ஒற்றை மரம் தாண்டினால் மணல், ஒரு காது இன்னொரு காதுக்குப் பின்னால் மறைந்து இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் நம் ஊரே முளைத்தது. இப்போது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே காதுதான், எல்லா இடமும் நம் ஊர் மாதிரியே இருக்கிறது, நான் என்ன செய்வேன்.

அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நீ வேறு வாடகைக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன், யாரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், போன் வழி சொல்லும் என்கிறாய். அந்தப் போன் குவாரிப் பாதையையும் ரோடு என்றுதான் சொல்கிறது, பார்த்துவிட்டேன். எடைமேடையைத் தாண்டினால் தண்ணீர் தேங்கிய பெரும்பள்ளம், ஒரு தடுப்பும் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பள்ளம் ஞாபகம் வருகிறது, எழுந்து வாசலுக்குப் போகிறேன், ஒண்ணு உட்காருங்க, இல்ல தட்டை எடுத்துடுறேன் என்கிறாள் உன் அம்மா. நேற்று சைக்கிளில் போய் நம் திருப்பத்தில் கிடக்கிற பெரிய கல்லுக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தேன், அடித்த காற்றில் பாதி பெயிண்ட் என் சட்டைக்கு. ஆகவே பழைய ஞாபகத்தில் பாறையைப் பார்த்துத் திரும்பாதே, வெள்ளைக்கல்லைப் பார். வெளிச்சம் இருக்கும்போதே வா. கல்லுக்குப் பக்கத்தில் பெயிண்ட் சட்டை ஒன்றும் நிற்கும், வேண்டாம் என்றாலும் நிற்கும்.

நீ போகிற வழியெல்லாம் நல்லதே எதிரே வரட்டும். காரை வாங்கும்போது ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்.

இப்படிக்கு,
வழி தவறிய உன் அப்பா

பி.கு: யாரைக் கேட்டுத் திருப்புனீங்க என்று கண்டக்டர் அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டான். நான் பாறையைக் கைகாட்டிவிட்டேன். சின்ன வயதில் என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒண்ணாயிடுச்சு, திருப்புப்பா என்று கத்துவாயே, அந்தக் குரல் அன்றைக்கும் காதில் விழுந்தது என்று அவனிடம் சொல்லவில்லை.