உலைக்கூட வீடியோ

செவ்வாய், இரவு

இணையவழிக் கலைப் பரிமாற்றத்தில் என் ஜோடி பிரேசில் பெண் லூசியா. எங்கள் குறும்படத்துக்காக அப்பா, தான் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில், யாரும் படம் எடுக்காதிருக்க கேட்டில் செல்போன் கேமராமேல் ஒட்டிவிடும் ஸ்டிக்கரை உள்ளே போய்ப் பிரித்து, இரும்பு உருகுவதை எடுத்து வந்தார். லூசியாவுக்கு அனுப்பியபோது, வெளியே காட்டாதே என்று இங்கிலீஷில் சொல்லத் தயங்கினேன். இன்று அவள் அதை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டாள். கம்பெனிப் பலகையும் தெரிகிறது. இப்படி மாட்டிய ஒருவரைப் போன மாதம் வேலையைவிட்டே அனுப்பினார்கள். எடுத்துவிடு என்று எழுதினேன். பதில் இல்லை.

சாப்பிடும்போது அப்பா, "இன்னாம்மா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?" என்றார்.

"சூப்பர்னு சொல்லிச்சுப்பா."

"பின்ன? உங்கப்பன் கேமராமேன் ஆச்சே! காத்தால ஷிப்ட்டு, எழுப்பி உடு."

தூங்கிவிட்டார். எழுப்பாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.