பகல் உனக்கு, இரவு மாப்பிள்ளைக்கு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், அப்பா ரிப்பேர் செய்கிறேன் என்று கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் ஃப்ரிட்ஜுகளும் நலம். அங்கே உன் பகலும் மாப்பிள்ளையின் இரவும் நலமா? அண்ணன் பேசினான், அவன் குடியேறியிருக்கும் கிரகத்தில் அமில மழை மேகத்திலிருந்து கிளம்பி சூட்டில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறதாம், தரைக்கு ஒரு சொட்டும் வராதாம், ஆனாலும் குடை இல்லாமல் போனால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். காற்றின் கனத்தில் துணி கொடியிலேயே இஸ்திரி ஆகிவிடுகிறதாம், இதை இஸ்திரிக் கடை வைத்து அவனைப் படிக்கவைத்த என்னிடமே வாய் கூசாமல் சொல்கிறான்.

அது கிடக்கட்டும், உன்னை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அது சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற கிரகம், பாதிக்கு எப்போதும் வெயில், பாதிக்கு எப்போதும் இருட்டு என்று தெரிந்துதானே எல்லைக்கோட்டின் மேல் வீடு வாங்கினீர்கள்? முன்னறையில் வெயில், பின்னறையில் பனிக்கட்டி, நடுவில் அந்தி, ஊரே பொறாமைப்பட்ட வீடு. ஒரு போர்வைச் சண்டைக்காக நீ வெயில் பக்கம், அவர் பனிப் பக்கம் என்று பிரிந்து, நடுவில் சுவர் எழுப்பி, விவாகரத்து வரைக்கும் போய்விட்டீர்கள். நீ ஃபோனில் பிடித்த இந்த ஊர் வக்கீல், விடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்றாராம். மாப்பிள்ளை உடனே சரி என்றுவிட்டார், அவர் பக்கம் எங்கே விடியப்போகிறது?

அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவருக்கு உலகமே ஃப்ரிட்ஜ்தான். "ஒரு பக்கம் கொதிக்குது, ஒரு பக்கம் உறையுது, நடுவுல காத்து ஓடலைன்னா எதுவும் உருப்படாது, கடைசியில காத்தே உறைஞ்சு தரையில கொட்டிரும்" என்றார், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல். போன வாரம் மாப்பிள்ளையே அவருக்கு ஃபோன் செய்தார். உன் பக்கத்து வெக்கை சுவர் வழியாக வருகிறதாம், "மாமா, இண்டு இடுக்கு இல்லாம அடைக்கணும், என்ன பண்ணலாம்" என்று கேட்டார். அப்பா வெகு பொறுமையாக, மேலே ஒரு துளை போடுங்கள், கீழே ஒரு துளை போடுங்கள், கீழ்த் துளையில் ஃபேனை மாட்டுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அடைக்க எதற்குத் துளை என்று அந்த மனுஷனுக்குக் கேட்கத் தோன்றவில்லை பார், மாமனார் சொன்னால் வரி பிசகாமல் செய்கிற பிள்ளை. உன் சுவரில் திடீரென்று ஓட்டை வந்த கதை இதுதான். அப்பா மேல் கோபப்படாதே, யோசனை என்னுடையது. பிடிக்காத மாப்பிள்ளை என்றால் செங்கல்லை நானே அனுப்பியிருப்பேன், ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கும், உன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

நேற்று நீ ஃபோனில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஓட்டை வழியாக ஒரு தும்மல் கேட்டது. நீ திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தலையைத் துவட்டாமயே நிக்கிறீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாய். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால்தான் ஃபோனை வைத்துவிட்டேன், லைன் கட்டாகவில்லை.

இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். தண்ணீர் நிறையக் குடி. உன் பக்க வெயிலில் நன்றாகக் காய்ந்த துண்டு ஒன்றை ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போடு, மறக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா