வடக்குச் சுவரின் திறப்புகள்

ஆலங்குடா,
25.10.2015, ஞாயிறு இரவு.

மதிப்புக்குரிய அல்பொன்சா மிஸ் அவர்களுக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். நீங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் என்றபடியால் சலாத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தமிழில் எழுதுகிறேன்.

பழைய பொருட்களை வைத்திருக்கும் எங்கள் ஊர் நூதனசாலையின் நெருப்புப் பாதுகாப்பைப் பார்க்க ஜூன் மாதமும் ஓகஸ்ட் மாதமும் வந்தீர்களே, அப்போது அளவு நாடாவின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பின்னால் திரிந்த பிள்ளை நான். அங்கே காவலுக்கு நிற்பவர் என் வாப்பா. என் பெயரை நீங்கள் மறந்திருப்பீர்கள். இப்போதைக்கு மறந்தபடியே இருக்கட்டும் மிஸ். எழுதக் கை வரவில்லை.

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நாளைக்கே தபாலில் போட வேண்டும். நாளை மறுநாள் போயா, பௌர்ணமி லீவு, தபால் கந்தோர் பூட்டு. புதன்கிழமை கிடைத்தால்கூட சனிக்கிழமைக்கு முன் உங்களுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. வியாழக்கிழமை கிடைத்தால் இரண்டு நாள்.

முதலில் முக்கியமானதைச் சொல்கிறேன். நான் உங்களிடம் பொய் சொன்னேன்.

ஓகஸ்டில் நீங்கள் பின்கதவைத் தள்ளித் திறந்து பார்த்தீர்கள். திரும்பி என்னிடம்தான் கேட்டீர்கள், இந்தக் கதவு எப்போதும் இப்படித் திறக்குமா மகள் என்று. பெரியவர்களிடம் கேட்காமல் ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று நினைத்திருப்பீர்கள். நான் “ஓம் மிஸ்” என்றேன். அதற்கு முதல் நாள் பதுர்தீன் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்து, “அந்த மிஸ் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு புள்ள, எங்கட மானம் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நூதனசாலைக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். நாங்கள் வீடு கட்டியிருக்கும் வளவும் அவர் தந்தது. வாப்பாவுக்குக் கால் ஏலாமல் போனபிறகு இந்த வேலையைத் தந்ததும் அவர்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை மிஸ். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

முதல் தடவை வந்தபோது உங்களால் அந்தக் கதவைப் பார்க்கவே முடியவில்லை, நினைவிருக்கிறதா? அதை மூடி மறைத்துக்கொண்டு திறப்புப் பலகை, வீட்டுச் சாவிகள் தொங்கும் பலகை, இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் யுத்த நேரம் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஆட்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கையில் கொண்டுவந்தார்கள். திரும்பிப் போகலாம் என்ற எண்ணம். அந்தத் திறப்புகள்தான் பலகை முழுவதும், ஒவ்வொன்றுக்கும் கீழே வீட்டுக்காரரின் பெயர். முன்பு வெங்காயம் அடுக்கிய களஞ்சியம்தானே அது, வாசலே இரண்டுதான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பலகையை வேறு சுவருக்கு மாற்றுங்கள் என்றீர்கள். எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அது வடக்குச் சுவர் மிஸ். வீடுகள் இருக்கும் திசை. திறப்புகள் வீட்டைப் பார்த்துத்தான் தொங்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் பிடிவாதம். பெருநாள் தொழுகை முடிந்து வந்து தங்கள் திறப்பைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சுவரில் மாட்டினால் குழிக்குள் மையித்தைத் தலைமாறி வைத்த மாதிரி என்று ஒருவர் சொன்னார்.

அதனால் நீங்கள் இரண்டாம் தடவை வந்த நாள் மட்டும் பலகையைக் கழற்றி ஹாஜியார் வீட்டுக் கராஜில் வைத்தார்கள். நீங்கள் பாராட்டிக் கடிதம் அனுப்பினீர்கள். அதைக் கண்ணாடி போட்டு முன்வாசலில் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் விலாசத்தை அதிலிருந்துதான் எழுதிக்கொண்டேன். பலகை அடுத்த நாளே பழைய இடத்துக்குப் போய்விட்டது. இந்த முறை ஆணி இல்லை, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

செப்டெம்பரில் ஒரு பித்தளைத் தாம்பாளம் களவு போனது. அதன்பிறகு பின்கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்தத் திறப்பு ஹாஜியாரின் காரில் இருக்கிறது. அவர் கார் பாதி நாள் புத்தளம் டவுனில் நிற்கும்.

நீங்கள் மண் நிரப்பி வைக்கச் சொன்ன சிவப்பு வாளிகளைச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்று கழுவி எடுத்திருக்கிறார்கள். வாப்பா அதைப் பற்றி மெதுவாகக் கேட்டதற்கு வயரிங் வேலை செய்யும் ஜபார் நானா, “நெருப்பு வந்தா தேங்காச் சம்பலால அணைப்பம் காக்கா, நல்லா உறைக்கும், ஓடியிரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்று சொல்கிறேன். நாங்கள் வெளியேற்றப்பட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதற்காக மண்டபத்துக்கு உள்ளேயே, நடுவில், தென்னோலைக் கிடுகால் ஒரு அகதிக் கொட்டில் கட்டியிருக்கிறார்கள். கிடுகு நன்றாகக் காய்ந்தது, தொட்டால் உடைகிறது. இரவு மாதிரித் தெரிய வேண்டும் என்று யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தாயிற்று. கொட்டிலுக்குள் ஐந்து குப்பிலாம்புகள், மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்தி வைப்பார்கள். கரண்ட் பல்ப் போடலாமே என்று எங்கள் டீச்சர் கேட்டார். “பல்ப் போட்டா அது கொட்டிலா டீச்சர்? அந்தக் கடக்கரைல வெள்ளக்காரன் காசு குடுத்துப் படுக்கிற கபானா” என்றார் ஹாஜியார். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கொட்டிலுக்குள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் பொலித்தீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அகதிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். தாய் வேடம் எனக்கு. பிள்ளைகளில் ஒருவன் என் தம்பி ஹஸன். வாப்பாவின் பழைய சாரத்தை வெட்டி அவனுக்கு உடுப்புத் தைத்தாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடித் திரிகிறான். முன்வாசலை அடைத்துக்கொண்டு விருந்தாளிகளின் கதிரைகள் நான்கு வரிசை.

முதல் நாள் நீங்கள் எனக்குச் செய்யச் சொன்ன ஒரு வேலையை நான் மறக்கவில்லை. கண்ணை மூடு, புகை நிறைந்திருக்கிறது என்று நினை, சுவரில் கையை வைத்துக்கொண்டு வெளியே போ பார்ப்போம் என்றீர்கள். நேற்று வாப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன நேரம் மண்டபத்தில் யாரும் இல்லை. அப்படியே செய்து பார்த்தேன். கொட்டிலுக்குள்ளிருந்து கண்ணை மூடிக்கொண்டு வந்து சுவரைத் தொட்டேன், பிறகு இடது கையைச் சுவரில் வைத்தபடி நடந்தேன். பதினெட்டு அடியில் கை பலகையில் பட்டது. எல்லாத் திறப்புகளும் ஒன்றாகச் சத்தம் போட்டன. கண்ணைத் திறக்காமல் தடவிக்கொண்டே இருந்தேன் மிஸ். பெரியது, சின்னது, துருப் பிடித்தது. நூற்று நாற்பத்தாறு திறப்புகள். ஒன்றுகூட அந்தக் கதவுக்கு உரியது இல்லை. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, ஆனாலும் நான் ஓடினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் கருகிய அலுமினியச் சட்டி ஒன்று இருக்கிறது, “முகாம் தீயில் மிஞ்சியது, 1994” என்று எழுதி. நீங்கள் அதைக் குனிந்து பார்த்தீர்கள். அது எங்கள் வீட்டுச் சட்டி. உம்மா கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் குப்பிலாம்பு சாய்ந்தது. எனக்கு மூத்தவராக ஒரு லாத்தா இருந்தார், கமறியா என்று பெயர், மூன்று வயது. எனக்கு இவ்வளவுதான் தெரியும், அதுவும் மாமி சொல்லி. உம்மா இன்றைக்கும் மண்ணெண்ணெய் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார். சனிக்கிழமை குப்பிலாம்பு கொளுத்தப் போகிறார்கள் என்பது உம்மாவுக்குத் தெரியாது. வாப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், ஹாஜியாரிடம் சொல்லுங்களேன் வாப்பா என்று. போர்வையை இழுத்து என்னைப் போர்த்திவிட்டார். பிறகு, “படுத்துக்க மகள், அல்லாஹ் பாத்துக்குவான்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாப்பாவுக்கு நெருப்புப் பயமே இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் நேற்று அந்தப் பலகையை விட்டு ஓடி வெளியே வந்து மண்டபத்தின் பின்னால் போய் நின்றேன். அங்கே தாழைப் பற்றைக்குள் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு அலவாங்கு, கைபிடிக்கிற இடத்தில் துணி சுற்றியது. சங்கிலி போட்ட கதவுக்கு நேரே, எட்டி எடுக்கிற தூரத்தில் மறைத்து வைத்திருந்தது. பக்கத்தில் மண் நிரப்பிய பழைய பெயின்ட் வாளிகள் ஆறு. ஒவ்வொரு இரவும் வாப்பா எழும்பிப் போவதை நான் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு விளங்குகிறது மிஸ். சனிக்கிழமை எல்லோரும் முன்னால் பேச்சுக் கேட்கும்போது அவர் பின்னால் அந்தக் கதவடியில் நிற்கப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல ஏலாத மனிதர் அலவாங்கோடு நிற்கப் போகிறார். ஆனால் அது நடக்காது. அன்றைக்கு விருந்தாளிகளின் வாகனங்களைப் பார்க்க அவரை முன் கேட்டடியில் நிற்கச் சொல்லியிருக்கிறார் ஹாஜியார், இன்று பின்னேரம்தான் சொன்னார். வாப்பா “சரி ஹாஜியார்” என்று சொன்னதை நான் கேட்டேன். அவரால் ஓட ஏலாது, நீங்கள் அவர் காலைப் பார்த்திருக்கிறீர்கள். ஓடி வந்து சங்கிலியை உடைத்தாலும் உள்ளே போல்ட் போட்ட பலகை இருக்கிறது.

உங்கள் கந்தோருக்கு வெள்ளிக்கிழமை நான் போன் எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடையில் எடுத்தேன். ஒரு ஐயா சிங்களத்தில், மிஸ் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார், யார் பேசுவது என்று கேட்டார். கடையில் ஜபார் நானா சிகரெட் வாங்கிக்கொண்டு நின்றார். நான் வைத்துவிட்டேன். அதுதான் கடிதம்.

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபோது, வந்து பாருங்கள், ஆனால் யார் சொன்னது என்று சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். வளவு போய்விடும், வாப்பாவின் வேலை போய்விடும், ஊரில் தலைகாட்ட ஏலாது என்று பயம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாத கடிதத்தை உங்கள் கந்தோரில் ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். ஏதோ ஊர்ச் சண்டை என்பார்கள். அப்படி வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்போது ஹஸன் நித்திரையில் திரும்பிப் படுத்து என் காலில் கையைப் போட்டிருக்கிறான். டோர்ச் மங்குகிறது.

மிஸ், சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் உட்கார வைப்பார்கள். அதற்கு முன் வாருங்கள். யாருக்கும் அறிவிக்காமல் வாருங்கள், அறிவித்தால் பலகை கராஜுக்குப் போய்விடும், நீங்கள் போனதும் திரும்பி வந்துவிடும். திறப்புகளை அவமதிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன். வடக்குச் சுவரிலேயே கதவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அந்தப் பழைய அலுமாரியை நகர்த்தினால் போதும். நான் அளந்து பார்த்துவிட்டேன். ஏழு அடி இரண்டு அங்குலம். பலகை ஆறரை அடிதான். இதை யாரும் அளந்து பார்க்கவில்லை மிஸ், அவ்வளவுதான்.

வந்து, ஹாஜியாரும் ஜபார் நானாவும் டீச்சரும் வாப்பாவும் நிற்கிற இடத்தில், அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை என்னிடம் திரும்பவும் கேளுங்கள். இந்தக் கதவு எப்போதும் இப்படித் திறக்குமா மகள் என்று கேளுங்கள். நான் தாய் வேடத்தில் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பேன், அடையாளம் தெரியாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள் பயணத்தை இறைவன் இலேசாக்கித் தரட்டும். உங்கள் பிள்ளைகளை எல்லா நெருப்பிலிருந்தும் அவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
காவலாளி பாயிஸ் அவர்களின் மகள்,
கமறியாவின் தங்கை,
நுஸ்ரா.