சுபினுக்குக் கொடுத்த கஞ்சித் தண்ணீர்

பிஸ்கட்டவே
14-3-1997

அன்பு மகள் ஜெயலீலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் அண்ணன் ஆபேல் வீட்டில் சுகமாக இருக்கிறோம். நீயும் ஹூஸ்டனில் சுகமாக இருப்பாய் என்று நம்ப ஆசைதான், ஆனால் பதினெட்டு நாளாக ஒரு போன்கூட இல்லாதபோது எதை வைத்து நம்புவது? நான் கூப்பிட்டால் உன் ஆன்சரிங் மெஷின்தான் பேசுகிறது. பீப் சத்தம் கேட்டதும் எனக்கு வார்த்தை வராமல் வைத்துவிடுகிறேன். அதனால் கடிதம். விட்டுப்போகாமல் இருக்க வரிசைப்படுத்திக்கொண்டேன்.

1. பேரன் சுபினின் டான்சில் ஆபரேஷன் நடக்காமல் போனது.
2. அதில் என் பங்கு.
3. நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு பிளசன்டன் வேலைக்குப் போவதே நல்லது என்பது.
4. உன் உடம்பு.

இரண்டை எழுதக் கை வரவில்லை, ஆகவே மூன்றை முதலில் எழுதிவிடுகிறேன். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் மகள், யூனிவர்சிட்டியில் பாடமும் நடத்துகிறாள் என்று சொல்ல எனக்குப் பெருமைதான். என்ன ஆராய்ச்சி என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் திண்டாட்டம். போன வாரம் கீழ்வீட்டுக் கந்தசாமி கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தை என்ன சாப்பிட்டது என்று பெற்றோரிடம் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி என்றேன். அதுக்குப் போயி ரிசர்ச்சா அங்கிள், எங்க பேபிசிட்டர் டெய்லி ஃப்ரீயாவே கேக்கறாளே என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்வது. லீலா, ஐந்து வருஷம் ஆகிவிட்டது, உனக்கு முப்பத்தெட்டு வயது. போன கோடையில் உன் சாப்பாட்டு மேஜையில் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களை நான்தான் அடுக்கினேன். பாதிப் பேரிடம் குழந்தை ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கேட்டிருந்தாய். மீதிப் பேரிடம் காலையில் குழந்தையோடு முதலில் எழுந்தது யார், அவர் என்ன கொடுத்தார் என்று கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை அதிகம் வந்தது. புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் நான், உன் எண்களில் ஒரு குறையும் காண முடியவில்லை. ஆனால் விஷயம் மிகச் சிறியது என்று மருத்துவப் பத்திரிகையில் உன் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுரை வராமல் பதவி உயர்வு இல்லை என்று உன் டிபார்ட்மென்டில் சொல்லிவிட்டார்கள். பிளசன்டன் ஊரில் சொந்தமாகக் குழு வைத்து நடத்தும் டாக்டர்கள் வா வா என்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி கிடையாது, வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உனக்கோ ஆராய்ச்சியை விட்டுவிட மனமில்லை என்று ஆபேல் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னிடம் சொன்னால் என்ன, நான் கடித்தா விடுவேன்? போய்விடு என்பதே என் கருத்து. ஒரு கேள்விக்காக ஒருத்தி ஆயுளைக் கொடுக்க முடியாது.

இனி ஒன்றும் இரண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாது, தண்ணீர், ஆப்பிள் ஜூஸ் போலத் தெளிவானது மட்டும் ஆறு மணி வரை கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. அதை நான் மூன்று முறை படித்தேன். ஐந்து மணிக்கே சுபின் எழுந்து வந்து, தாத்தா ஐ ஆம் சோ ஹங்ரி என்று என் போர்வையை இழுத்தான். ஜூஸ் கொடுத்தேன், தள்ளிவிட்டான். ஆபேலும் ஜெபினாவும் களைத்துத் தூங்குகிறார்கள், எழுப்ப எனக்குத் தயக்கம். ஒரு பிடி அரிசியைக் குழையக் கொதிக்கவைத்து, தண்ணீரை மட்டும் துவைத்த கைக்குட்டையில் இரண்டு முறை வடிகட்டி, உப்புப் போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் என் விரல் தெரிந்தது. தெளிவாகத்தான் இருக்கிறது என்று ஐந்து ஐம்பதுக்குக் கொடுத்தேன். நேரத்தைக்கூடக் குறித்துவைத்தேன், அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் வந்து, பையன் நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லையே என்று ஜெபினாவிடம் கேட்டார். இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். நான் ஓரத்து நாற்காலியில் இருந்தேன். விரல் தெரிந்ததே, தெளிவானதுதானே, இதைப் போய்ச் சொல்லி எல்லோரையும் ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். அப்போது உன் படிவத்தின் வரி என் கண்முன் வந்தது: முதலில் எழுந்தது யார்? நான்தான். பள்ளிக்கூடத்தில் போல விரலைத் தூக்கிக்கொண்டு கட்டிலின் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் திரும்பி வந்து விவரம் கேட்டார். எவ்வளவு வடிகட்டினாலும் அதில் மாவு இருக்கிறது, அது சாப்பாடுதான், மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் என்று சொல்லிவிட்டு சுபினைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆபரேஷன் ஏப்ரலுக்குப் போய்விட்டது. ஆபேல் பார்க்கிங்கில் வைத்து, என்னப்பா நீங்க, ரெண்டு மாசம் வெயிட் பண்ணிக் கெடைச்ச டேட், லீவ் வேற போட்டுட்டேன், எங்கள எழுப்பி ஒரு வார்த்தை கேட்டா என்ன என்று கத்தினான். ஜெபினா, அவன் அழுதா என்னைக் கூப்பிடுங்கன்னு சொன்னேனே மாமா என்று மட்டும் சொன்னாள், அதுதான் அதிகம் வலித்தது.  வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சுபின், தாத்தா கேன் ஐ ஹேவ் தட் சூப் அகெய்ன் என்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்தான்.

நான்காவது, உன் உடம்பு. நிற்கிற இடத்தில் நின்றபடியே எதையாவது தின்றுவிட்டு ஓடாதே. உன் அம்மாவை இரண்டு வரி எழுதச் சொன்னேன், போனில் திட்டிக்கொள்கிறேன் என்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருப்போம், மறக்காமல் கூப்பிடு. உன் கைக்குள் வரும் ஒவ்வொரு பிள்ளையையும் கர்த்தர் நல்லபடியாக எழுப்பித் தரட்டும், உன்னையும் காக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார், ஜெபினா பொய் சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளை வயிற்றில் கஞ்சியோடு ஆபரேஷனுக்குப் போகப் பார்த்தான். உன் படிவங்களை அடுக்கியிராவிட்டால் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளின் தாத்தாவும் உன் மேஜையில் உட்கார்ந்து படிவம் அடுக்கியவர் இல்லை. கட்டுரையை வேறு பத்திரிகைக்கு அனுப்பு. மூன்று என்று எண் போட்டு நான் எழுதியது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞா. ஞானசீலன்