நாக்கில் வைக்காத தண்ணீர்

தூத்துக்குடி
12.3.74

அன்புள்ள அம்மாவுக்கு மிக்கேல் தோத்திரம் சொல்லி எழுதுவது. கால்வீக்கம் வற்றியதா? நான் சுகம்.

முதலாளி பழைய பாய்த்தோணி ஒன்று வாங்கினார். வாங்குமுன், அடியில் தேங்கிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை. உப்புக் கரித்தால் அடிப்பலகை ஒழுகுகிறது, இல்லையென்றால் மழைத்தண்ணீர். அன்று ஞாயிறு. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்வரை பச்சைத்தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்று வளர்த்தீர்களே! நாக்கில் வைக்காமலே, "மழத்தண்ணிதான் மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் பூசைக்கு ஓடினேன்.

முதல் ஓட்டத்திலேயே தோணியில் தண்ணீர் ஏறிவிட்டது. பயப்படாதீர்கள், எல்லோரும் கரைசேர்ந்தார்கள். முதலாளி என்னை ஏசவில்லை. "ஒன் நாக்கு பொய் சொல்லாதுலே, வித்தவன்தான் நல்லதண்ணிய ஊத்தி ஏமாத்திட்டான்" என்று தோணியை விற்ற பெரியவரை ஊரார் முன்னால் ஏசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். மூன்று ஞாயிறாக நற்கருணை வாங்கவில்லை. கேட்பவர்களிடம், தவறித் தண்ணீர் குடித்துவிட்டேன் என்கிறேன்.

மகன்,
மிக்கேல்